கடிவாயை அளந்து எழுதுங்கள்: அவசர சிகிச்சைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே, செவிலியர்களே,

வணக்கம். நாய்க்கடி வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் எழுதுகிறேன். வழக்கறிஞரிடமிருந்து கடிதம் என்றதும் உங்களுக்கு எழும் எரிச்சல் எனக்குத் தெரியாததல்ல. இது சம்மனும் இல்லை, நோட்டீசும் இல்லை. நீங்கள் எழுதும் குறிப்பில் நாலைந்து வரி கூடுதலாக வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நாயிடம் கடிபட்டவர் முதலில் உங்களிடம்தான் வருவார். அதுதான் முறையும்கூட. காயத்தைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவவேண்டிய நேரத்தில் யாரும் வக்கீலைத் தேடி ஓடக் கூடாது. ஊசிகள் முடிந்து, தையல் பிரித்து, விடுப்பு தீர்ந்து, கைக்காசு கரைந்த பிறகுதான் "இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?" என்று என்னிடம் வருகிறார். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். புண் ஆறித் தழும்பாகியிருக்கும். அந்த வீட்டில் நாய் இருக்காது. ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்பார்கள். நேரில் பார்த்தவர்கள் நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கியிருப்பார்கள். மாறாமல் மிஞ்சுவது அன்றைக்கு நீங்கள் எழுதிய தாள் மட்டும்தான். அதில் பெரும்பாலும் நான் படிப்பது: "நாய்க்கடி, வலது முன்கை. காயம் கழுவப்பட்டது. தடுப்பூசி போடப்பட்டது."

சிகிச்சைக்கு இது போதும். வழக்குக்கு இது கால் பங்குகூட வராது.

கடிபட்டவருக்கு உள்ள சட்ட வழிகள் நாட்டுக்கு நாடு வேறு. ஆனாலும் எந்த நாட்டு நீதிமன்றமானாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். நாய் யாருடையது? அதன் குணம் அவருக்கு முன்பே தெரியுமா? கடிபட்டவர் தரப்பில் ஏதாவது தப்பு உண்டா? காயம் எவ்வளவு? நான்கில் மூன்றுக்கு முதல் பதில் உங்கள் கட்டிலருகில்தான் சொல்லப்படுகிறது. நான்காவதற்கு உங்களைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லவே முடியாது.

முதல் கேள்வி பழங்காலத்துக் கேள்வி. உன் விலங்கு செய்த கெடுதலுக்கு ஈடு கொடு, இல்லையென்றால் விலங்கையே ஒப்படைத்துவிடு என்று ரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டமே வகை செய்திருந்தது. இன்றும் பல நாடுகளின் சட்டம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 833ஆவது பிரிவின்படி, ஆசைக்கு நாய் வளர்ப்பவர் தன் மேல் தவறே இல்லை என்று காட்டினாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது; பிழைப்புக்காக வளர்ப்பவருக்கு மட்டும், தகுந்த கவனத்தோடு இருந்தேன் என்று நிரூபிக்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. அயர்லாந்தின் 1986ஆம் ஆண்டு நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டமும், கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டமும், கலிபோர்னியா சிவில் சட்டத்தின் 3342ஆவது பிரிவும் "இதற்கு முன் கடித்ததே இல்லையே" என்ற பதிலைக் காதில் வாங்குவதில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்கு. வெளியாள் யாரோ கேட்டின் பூட்டை உடைத்ததால்தான் நாய்கள் தெருவுக்கு வந்தன என்றார் உரிமையாளர். அவற்றிடம் சிக்கிய தோட்டக்காரர் ஒரு கையை இழந்திருந்தார். அப்படியானாலும் நீங்கள்தான் பொறுப்பு என்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதில்லை. இங்கிலாந்தின் 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில், நாயின் அந்தக் குறிப்பிட்ட குணம் அதை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குணம் எப்போதும் இருக்கவேண்டும் என்பதில்லை, சில சமயங்களில் மட்டும் தலைகாட்டுவதாகவும் இருக்கலாம். குட்டி போட்ட நாய் சீறுவது இதற்குப் பாடப்புத்தக உதாரணம். நியூயார்க்கில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக, நாயின் மூர்க்கம் உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரியும் என்று காட்டாதவர் கவனக்குறைவுக்காக வழக்கே போட முடியாது என்ற நிலை இருந்தது. வேலையிலிருந்த ஒரு தபால் ஊழியரைக் கடித்த வழக்கில், 2025 ஏப்ரலில்தான் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

இதற்கும் உங்கள் தாளுக்கும் என்ன சம்பந்தம்? கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் வலியில் புலம்புவார்: "போன மாசம் பேப்பர் போடற பையனையும் இதே நாய்தான் கடிச்சுது. அப்பவே கட்டிப் போடச் சொன்னோம்." உங்களுக்கு அது புலம்பல். எனக்கு அதுதான் வழக்கு. உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்பதற்கு, வழக்குப் போடும் எண்ணமே எழாத நேரத்தில், மருத்துவத்துக்காக மருத்துவரிடம் சொன்ன பேச்சு அது. அதே வார்த்தையை ஆறு மாதம் கழித்து என் அலுவலகத்தில் சொன்னால் வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். அன்றைக்கே உங்கள் குறிப்பில், மேற்கோள் குறிக்குள், அவர் சொன்னபடியே இருந்தால் அப்படிச் சொல்ல எந்த வக்கீலுக்கும் வாய் வராது.

"எங்கள் வேலை சிகிச்சை, விசாரணை அல்ல" என்பீர்கள். சரிதான். ஆனால் நான் கேட்கச் சொல்லும் கேள்விகளை நீங்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நாய் யாருடையது, தடுப்பூசி போட்டதா, பத்து நாள் கண்காணிக்க அது கையில் கிடைக்குமா என்பதெல்லாம் ரேபிஸுக்காகக் கேட்டே ஆகவேண்டியவை. கேட்டதை மனதில் வைத்து ஊசியை முடிவு செய்துவிட்டு, காகிதத்தில் "நாய்க்கடி, மூன்றாம் வகை" என்று ரேபிஸ் அபாய வகையை மட்டும் எழுதிவிடுகிறீர்கள். கேள்வி ரேபிஸுக்குப் பயன்பட்டது; பதில் யாருக்கும் இல்லாமல் போனது. பக்கத்து வீட்டு நாய், கழுத்தில் பட்டை இருந்தது, தெருவில் திரிந்த நாய், இன்னார் கையில் சங்கிலியோடு இருந்தது என்ற ஒரு வரியில்தான் யார் மேல் வழக்கு என்பதே இருக்கிறது. சொந்தக்காரர் இருந்தால் அவர் மேல். அந்த நேரத்தில் நாயைப் பிடித்திருந்தவர் வேறு ஆள் என்றால் சில இடங்களில் அவர் மேலும். சொந்தக்காரர் இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் மேல் அல்லது அரசின் மேல்.

அந்தக் கடைசி வழியில்தான் நீங்கள் எழுதும் ஒவ்வொரு எண்ணும் நேரடியாகப் பணமாகிறது. 2023 நவம்பரில் இந்தியாவின் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம், தெருவில் திரியும் விலங்குகளால் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த 193 மனுக்களை ஒன்றாக எடுத்துத் தீர்ப்பளித்தது. நாய்க்கடிக்கு ஒவ்வொரு பற்குறிக்கும் குறைந்தது 10,000 ரூபாய். தோலிலிருந்து சதை பிய்ந்திருந்தால் காயத்தின் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய். கோரிக்கையை முடிவு செய்ய மாவட்ட அளவில் குழு, ஆவணங்களோடு மனுக் கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதக் கெடு. முதலில் பணம் தரவேண்டியது அரசு. தவறிய துறையிடமிருந்தோ நாயின் சொந்தக்காரரிடமிருந்தோ அது பிறகு வசூலித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு சரியா என்று சட்டத்துறையில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். பல்லை எண்ணிப் பணம் கொடுப்பதில் எனக்கும் முழு உடன்பாடு இல்லை. கண் இமையில் விழுந்த ஒரு பல்லும் தொடையில் பதிந்த ஒரு பல்லும் ஒன்றா? ஆனால் கணக்கு என்று ஒன்று வந்த பிறகு, எண்ணுகிறவர் யார் என்பதுதான் கேள்வி. குழுவில் இருக்கும் அதிகாரியால் எண்ண முடியாது. என்னாலும் முடியாது. பற்குறி கண்ணுக்குத் தெரியும் நாட்களில் அதைப் பார்க்கும் ஒரே ஆள் நீங்கள். "பல இடங்களில் பற்குறி" என்று நீங்கள் எழுதினால், "பல" என்பதற்கு எத்தனை ரூபாய் என்று குழு என்னைக் கேட்கும்.

கேரளத்தில் இது வேறு விதமாக நடந்தது. நாய்க்கடி இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்க இந்திய உச்ச நீதிமன்றம் 2016இல் நீதிபதி சிரி ஜகன் தலைமையில் குழு அமைத்தது. அங்கே பற்கணக்கு என்ற ஒன்று இருந்ததில்லை. ஆனால் எந்தக் குழு முன்னால் போனாலும் மேசை மேல் முதலில் வைக்கவேண்டியது மருத்துவத் தாள்தான்.

குறுக்கு விசாரணை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வழக்கில் எங்கள் கட்சிக்காரர் வயதான அம்மா. முன்கையில் கடி. வெளியிலிருந்து பார்த்தால் நாலைந்து சிறிய துளைகள்தான். பெரிய நாயின் தாடை அழுத்தத்தில் உள்ளே தசை நசுங்கி, மூன்றாம் நாள் சீழ் பிடித்து, கடைசியில் இரண்டு விரல்களை மடக்க முடியாமல் போனது. முதல் நாள் சிகிச்சை செய்த மருத்துவரைக் கூண்டில் ஏற்றினோம். எதிர்த்தரப்பு வக்கீல் அவரிடம் சீட்டை நீட்டிக் கேட்டார்: "சிறிய காயம் என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனை மில்லிமீட்டர்?" அவருக்கு நினைவில்லை. "ஆழம் பார்த்தீர்களா?" பார்த்திருப்பேன் என்றார். "எழுதவில்லையே?" அவர் பேசவில்லை. "விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தீர்களா?" வழக்கமாகப் பார்ப்போம் என்றார். "வழக்கத்தைக் கேட்கவில்லை டாக்டர், அன்றைக்கு நடந்ததைக் கேட்கிறேன்." நல்ல மருத்துவர், நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்; அவர் செய்ததில் பாதி தாளில் இல்லை. விரல் மடங்காததற்குக் காரணம் கடியா, பழைய மூட்டுவாதமா என்று எதிர்த்தரப்பு அதன் பிறகு ஒரு நாள் முழுக்கப் பேசியது. அன்றைக்கு "எல்லா விரல்களும் மடங்குகின்றன, நடுவிரலில் வலி" என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். காயத்தின் நீளம், ஆழம், எத்தனை துளை, எந்தப் பக்கம், மூட்டிலிருந்து எவ்வளவு தூரம். துளைக்காயமா, கிழிசலா, சதை போயிருக்கிறதா. நரம்பு, தசைநாண், ரத்த ஓட்டம் பார்த்தது. மனித உருவப் படத்தில் ஒரு புள்ளி வைத்தால் பக்கம் பக்கமாக விவரிக்க வேண்டியதில்லை. கடித்த நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டும் வேண்டும். காயத்தில் தொற்று வந்தால், தாமதமாக வந்ததால்தான் வந்தது என்று பழியைக் கடிபட்டவர் மேலேயே திருப்புவார்கள். நாய் வாயிலிருந்து வரும் பாஸ்சுரெல்லா கிருமி ஒரு நாளுக்குள்ளேயே வீக்கத்தைக் காட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நேரம் எழுதியிருந்தால் நீதிபதிக்கும் அது விளங்கும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். ரேபிஸ் படிவங்களில் ஒரு கட்டம் இருக்கும்: சீண்டியதால் கடித்ததா, சீண்டாமலே கடித்ததா. உங்கள் பாடத்தில் அதற்கு ஒரு காரணம் உண்டு. யாரும் எதுவும் செய்யாதபோது பாய்ந்து கடிக்கும் நாய்க்கு நோய் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அதிகம். ஆகவே தெரியாத நாய்க்குத் தீனி வைக்கக் கை நீட்டியவரையும், தடவிக் கொடுக்கப் போனவரையும் நோய்க் கணிப்புக்காகச் "சீண்டியது" என்ற பக்கத்தில் சேர்க்கிறீர்கள். மருத்துவக் கணிப்பில் அது சரி. ஆனால் அந்தக் கட்டத்தில் நீங்கள் போட்ட டிக், இன்ஷூரன்ஸ் அதிகாரியின் மேசைக்கு வரும்போது அர்த்தமே மாறிவிடுகிறது. "மருத்துவரே எழுதியிருக்கிறார், உங்கள் கட்சிக்காரர் நாயைச் சீண்டினாராம்." சட்டத்தில் அது கடிபட்டவர் மேல் சுமத்தும் குற்றச்சாட்டு. ஒன்டாரியோவில் கடிபட்டவரின் தவறு எத்தனை பங்கோ அத்தனை பங்கு தொகையை வெட்டலாம். இங்கிலாந்துச் சட்டத்தில் முழுக்க அவர் தவறுதான் என்றால் ஒன்றுமே கிடைக்காது. நான்கு வயதுக் குழந்தை நாயின் தலையைத் தொட்டது என்பதற்காக, "சீண்டியதால் கடி" என்று அச்சடித்த தாளை எதிர்த்தரப்பு என் முன்னால் ஆட்டியதுண்டு.

கட்டத்தை நீக்கச் சொல்லவில்லை. டிக் போட்டபின் பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். "நாயின் தலையைத் தடவினார்." "நாய் தின்றுகொண்டிருந்த தட்டின் அருகே நடந்தார்." "குச்சியால் அடித்தார்." மூன்றும் ஒரே டிக்தான் உங்களுக்கு. எனக்கு முதலாவதில் வழக்கு உண்டு, இரண்டாவதில் வாதாடலாம், மூன்றாவதில் வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவேன். "விளையாடிக்கொண்டிருந்தபோது" என்ற சொல்லையும் பார்த்து எழுதுங்கள். குழந்தை நாயோடு விளையாடியதா, நாய் இருந்த இடத்தில் பந்து விளையாடியதா? அவசரத்தில் இரண்டும் ஒரே வரியாகிவிடுகின்றன. யார் சொன்னது என்பதும் முக்கியம். நாயின் சொந்தக்காரரே பயந்துபோய்த் தன் காரில் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். நடந்ததைச் சொன்னவரும் அவராகத்தான் இருப்பார். "உடன் வந்தவர் கூறியது" என்ற இரண்டு சொல் இல்லாவிட்டால், அவர் சொன்ன கதை கடிபட்டவர் வாயிலிருந்து வந்ததாக ஆகிவிடும்.

பல் படாத காயங்களும் உண்டு. நாய் பாய்ந்து தள்ளியதில் முதியவருக்கு இடுப்பெலும்பு முறியும். துரத்தியதில் சைக்கிளில் போனவர் விழுவார். உங்கள் தாளில் அது "தவறி விழுந்தார்" என்று பதிவாகும். நாய் என்ற சொல்லே இருக்காது. கலிபோர்னியாவின் அந்த 3342ஆவது பிரிவு கடிக்கு மட்டும்தான். விழுந்தவர் வேறு வழியில், உரிமையாளரின் கவனக்குறைவைக் காட்டி வரவேண்டும். ஒன்டாரியோ சட்டமோ கடியையும் தாக்குதலையும் சேர்த்தே சொல்கிறது. எந்த வழியானாலும் நாயைக் காணாத குறிப்பை வைத்துக்கொண்டு நான் நாயைக் கொண்டுவர முடியாது.

இன்னொரு சொல்: ஏவிவிட்டார். சண்டையில் ஒருவர் நாயை அவிழ்த்து ஏவினார் என்று வந்தவர் சொன்னால் அதை "நாய் தாக்கியது" என்று சுருக்காதீர்கள். வழி அங்கே முற்றிலும் மாறுகிறது. பிரிட்டனில் குற்றத்தால் காயம்பட்டவர்களுக்கு அரசு தரும் இழப்பீட்டுத் திட்டத்தில், காயப்படுத்தும் நோக்கத்தோடு நாயைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும்தான் நாய்க்கடிக்கு இடம் உண்டு. குற்ற வழக்கு தனி. கட்டுக்கடங்காத நாய் ஒருவரைக் காயப்படுத்தினால் இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, உயிர் போனால் 14 ஆண்டு வரை. 2014 முதல் சொந்த வீட்டுக்குள் நடந்தாலும் இது பொருந்தும். இந்தியாவில் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கடிபட்டவருக்கு அபராதத்தால் நேரடிப் பயன் அதிகமில்லை. ஆனால் காவல் நிலையப் பதிவும் உங்கள் பதிவும் ஒரே கதையைச் சொன்னால் சிவில் வழக்கு பாதி வென்ற மாதிரி.

புகைப்படம் பற்றிச் சுருக்கமாக. கழுவிய பிறகு, கட்டுப் போடும் முன், அவர் சம்மதத்தோடு இரண்டு படம்: எந்த உறுப்பு என்று தெரியும்படி ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. மருத்துவமனை விதி இடம் தராவிட்டால் உறவினரின் போனில் எடுக்கச் சொல்லுங்கள். கிழிந்த சட்டையைக் குப்பைக் கூடையில் போடாமல் அவர்களிடமே கொடுங்கள். இதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்யவேண்டாம்.

மனக்காயத்தை யாரும் எழுதுவதே இல்லை. இரண்டாவது, மூன்றாவது ஊசிக்கு வரும்போது குழந்தை தூங்குவதில்லை, வெளியே வர மறுக்கிறது, நாய்ச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறது என்று தாய் சொல்லியிருப்பாள். "தடுப்பூசி இரண்டாம் தவணை" என்ற முத்திரையோடு முடிந்துவிடும். பல நீதிமன்றங்களில் அதற்கும் இழப்பீடு உண்டு, அதற்கான சிகிச்சைச் செலவும் சேரும். ஆனால் முதல் பதிவு வழக்குப் போட்ட பிறகு வந்தால் நம்பமாட்டார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள் வரும் வேளைகளில் எழுதப்பட்ட ஒரு வரிக்கு, பின்னால் மனநல மருத்துவர் எழுதித்தரும் நான்கு பக்கத்தைவிட எடை அதிகம். அந்த ஊசி அட்டையை லேசாக நினைக்கவேண்டாம். மற்ற காகிதமெல்லாம் தொலைந்து, தேதியும் முத்திரையும் உள்ள ஊசி அட்டை ஒன்றை மட்டும் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

அடுத்தது கெடு. எதற்கும் காலவரம்பு உண்டு. கலிபோர்னியாவில் தனிநபர் மேல் உடற்காய வழக்குக்கு இரண்டு ஆண்டு. ஆனால் அரசு அமைப்பின் மேல் என்றால் ஆறு மாதத்துக்குள் முதலில் எழுத்தில் கோரிக்கை கொடுத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் மூன்று ஆண்டு. குழந்தைக்கு அது 18 வயதிலிருந்துதான் ஓடத் தொடங்கும். தழும்பு முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதை நீங்கள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். அதற்கு முன் இன்ஷூரன்ஸ்காரர் கொண்டுவரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னால் முகத்தில் செய்யவேண்டிய அறுவைச் சிகிச்சைக்கு ஒரு காசும் வராது. இப்படி ஒருபக்கம் பொறுக்கவும் வேண்டும், மறுபக்கம் கெடுவும் தவறக் கூடாது. இதை விளக்குவது உங்கள் வேலை அல்ல. "சட்ட ஆலோசனை வேண்டுமானால் தாமதிக்காதீர்கள், முழுதாக ஆறும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று வெளியே போகும்போது தரும் தாளில் ஒரு வரி அச்சடிப்பது உங்களால் முடியும்.

அதே தாளில் இன்னொரு வரி: வேலை நேரத்தில் கடிபட்டீர்களா? தபால் கொடுப்பவர், பொருள் கொண்டு தருபவர், மீட்டர் பார்ப்பவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் எனக் கடிபடுகிறவர்களில் வேலையில் இருந்தவர்கள் ஏராளம். அமெரிக்கத் தபால்துறை ஊழியர்கள் மட்டும் 2024இல் 6,000 பேருக்கு மேல் நாய்த் தாக்குதலுக்கு ஆளானார்கள். பல நாடுகளில் அப்படிப்பட்டவருக்கு, நாய்க்காரர் மேல் வழக்குப் போடுவதற்கு முன்பே, தொழிலாளர் இழப்பீட்டு வழி ஒன்று இருக்கிறது. யார் தவறு என்றே அங்கே கேட்கமாட்டார்கள். ஆனால் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர் முதலாளிக்குப் பயந்து வாய் திறக்கமாட்டார். "பணியில் இருந்தபோது" என்று நீங்கள் எழுதினால் அது பதிவாகிவிடும்.

பக்கத்து வீட்டார் நாய் என்றால் சிலர் பெயரைச் சொல்லவே தயங்குவார்கள். "நாளைக்கு முகத்தில் விழிக்கவேண்டுமே" என்பார்கள். வற்புறுத்தவேண்டாம். ஆனால் ஒன்று சொல்லலாம்: வீட்டுக் காப்பீடு பரவலாக உள்ள நாடுகளில் பணம் தருவது பெரும்பாலும் பக்கத்து வீட்டார் அல்ல, அவருடைய இன்ஷூரன்ஸ் நிறுவனம். அமெரிக்காவில் 2024இல் மட்டும் நாய் தொடர்பான வீட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்காக 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் நட்பும் கெடாமல் உண்மையும் வெளிவந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் ஒரு தரப்புக்குச் சாதகமாக எழுத முடியாதே என்பீர்கள். சாதகமாக எழுதவே கூடாது. "கொடூரமான தாக்குதல்" போன்ற சொற்கள் எனக்கு வேண்டாம். அவை முதல் குறுக்குக் கேள்வியிலேயே உடைந்துபோகும். 14 மில்லிமீட்டர் என்பது உடையாது. சரியாக அளந்த தாள் பொய் வழக்கையும் தடுக்கும். ஆணியில் கிழித்துக்கொண்டு பக்கத்து வீட்டு நாயைக் கைகாட்டுகிறவரும் உலகத்தில் உண்டு. நாய்க்காரருக்காக நான் வாதாடிய வழக்கில் உங்களில் ஒருவர் எழுதிய "பற்குறி இல்லை, ஒரே நேர்கோட்டுக் கீறல்" என்ற வரிதான் அவரைக் காப்பாற்றியது.

நேரம் இல்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஸ்கேலைத் தேடச் சொல்வது அநியாயம்தான். ஆகவே இந்த மடலின் கடைசிப் பகுதி வார்டில் நிற்பவர்களுக்கு அல்ல, படிவம் அச்சடிக்கும் மேலதிகாரிகளுக்கு. நாய்க்கடிக்கென்று தனிச் சீட்டு அடியுங்கள். அதில் மனித உருவப் படம் ஒன்று, ஓரத்தில் அச்சிட்ட மில்லிமீட்டர் கோடு, "எத்தனை பற்குறி" என்றொரு கட்டம், "நாய் யாருடையது", "சொன்னவர் யார்", "பணியிலா" என்று மூன்று வெற்றிடம், "அவர் சொன்னபடி" என்று இரண்டு வரி இருக்கட்டும். எழுத ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. நகல் ஒன்றை அவர் கேட்காமலே கையில் கொடுங்கள். பின்னால் நகல் கேட்டு வருகிறவரிடம் "கேஸ் போடப் போகிறாயா?" என்று கேட்டு அலைக்கழிக்க ஆவண அறையில் இருப்பவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

அந்தச் சீட்டு ஒழுங்காக இருந்தால் பெரும்பாலான கோரிக்கைகள் நீதிமன்றம் வரை வராமலே பேசி முடிந்துவிடும். உங்களுக்கு வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்கும் வேலையும் குறையும். படிவத்தின் மாதிரி தயாரிக்க வழக்கறிஞர் யாராவது வேண்டுமென்றால் உங்கள் ஊர் வழக்கறிஞர் சங்கத்தில் கேளுங்கள். கட்டணம் கேட்காமல் உட்கார்ந்து எழுதித்தர ஆள் இருப்பார்கள். அப்படி அழைத்தால் நானும் வருவேன்.

இப்படிக்கு,
காய இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன்